நெருப்பைக் கூட்டியது யார்?

"எல்லார் மேலயும்தான் தப்பு இருக்குது" என்று ஒருவர் பேச்சை ஆரம்பித்தால், அவர் எங்கே நின்றுகொண்டு சொல்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் உடைசலிலிருந்து பத்தடி தள்ளித்தான் நிற்பார். சட்டை கசங்கியிருக்காது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மண் கலப்பது, அச்சில் வார்ப்பது, பளபளப்புப் பூச்சுக் கரைசலான கிளேஸில் தோய்ப்பது எல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சூளை எரித்தவன். எரிக்கும் விதத்தையும் இங்கே எழுதப்போவதில்லை. அது சூளைக்குச் சூளை மாறும். மாறக் கூடாத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுவேன். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பில் தோற்றதும் ஜங்ஷனில் ரயில் ஏறியவன். பம்பாயில் ஓட்டலில் தட்டு கழுவினேன். வேப்பூர் வழியாகப் போகும் லாரிகளில் கிளீனராக ஓடினேன். குஜராத்தில் ஓடு சுடும் இடத்தில் நெருப்போடு பழகினேன். அப்புறம் குவைத். அங்கே சிமெண்ட் கல் வார்க்கும் வேலையில் இருந்தபோதுதான் இராக் ராணுவம் உள்ளே புகுந்தது. முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் கிடைத்த வண்டியில் பாலைவனத்தைத் தாண்டி, ஜோர்தான் எல்லையில் கூடாரத்தில் கிடந்து, காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்று, விமானத்துக்குக் காத்திருந்து ஊர் வந்தோம். வரும்போது காலில் செருப்பு இல்லை. பரிதாபப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. இராக்கை ஆண்ட அந்த ஆளை யோக்கியன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அவன் ராணுவம் துரத்திவிட்ட ஆள் நான்.

ஊர் திரும்பியபின் பேட்டையில் ஒரு யூனிட்டில் சூளைக்காரனாகச் சேர்ந்தேன். வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டுவார்களே, வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ், அதைச் செய்கிற யூனிட். குவைத்திலிருந்து வந்ததால் எல்லோருக்கும் நான் 'குவைத்து' ஆகிவிட்டேன். என் சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும் கூப்பிடப்படும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எனக்கு முன்னால் அங்கே நெருப்பு பார்த்தவர் விட்டுப்போன வழக்கம். சூளை ஆறி, வாயை அடைத்த செங்கலைப் பிரிக்கும்போது, நெருப்பு போட்டவன்தான் முன்னால் நிற்க வேண்டும். உள்ளே சரக்கு கெட்டிருந்தால் முதல் பேச்சு அவனுடையது. "நான் போட்ட நெருப்பு" என்று ஆரம்பித்து, என்ன செய்தான் என்று சொல்ல வேண்டும். மண்காரர், வார்ப்புக்காரர், கிளேஸ்காரர் எல்லாம் அதற்கப்புறம்தான் பேசலாம். பார்வைக்கு இது அநியாயம். மண் சரியில்லாவிட்டால் நெருப்புக்காரன் என்ன செய்வான்? ஆனால் சூளை எதிரில் நின்று பாருங்கள், காரணம் புரியும். மண்ணும் தண்ணீரும் தானாக எதையும் கெடுப்பதில்லை. ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, காத்திருந்து, கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு பண்ணும் கை ஒன்றுதான். பலம் எந்தக் கையில் இருக்கிறதோ அதுதான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அது பேச ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களும் தங்கள் பங்கை ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள். அது மழுப்பினால் கடைசிவரை எதுவும் வெளியே வராது.

இராக்கில் அமெரிக்கா போர் தொடங்கியதற்கு மறு வருஷம் நடந்தது இது.

எங்கள் கிளேஸ் பகுதியில் தனம் என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். நல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் கணவன் முருகேசன் குவைத்தில் லாரி ஓட்டினான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. பேட்டை வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு மத்தியானம் போன் பண்ணுவான். தனம் சாப்பாட்டு நேரத்தை அங்கேதான் கழிப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை, கம்பெனி தன்னை எல்லைக்கு அந்தப்பக்கம் இராக்குக்குள் அனுப்பப் போகிறது, அமெரிக்கப் பட்டாளத்துக்குச் சாமான் ஏற்றிப் போக வேண்டும் என்று சொன்னான். மாட்டேன் என்றால் வாங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட் திரும்பக் கிடைக்காது என்றார்களாம். ஆடி மாதத்தில் போன் நின்றுவிட்டது.

அவள் போகாத இடமில்லை. ஆள் அனுப்பிய ஏஜண்டு, "குவைத் கம்பெனியைத்தான் கேக்கணும்" என்றான். கம்பெனிக்கு ஆள் வைத்துப் பேசினால், வண்டிகளை ஒரு காண்டிராக்டுக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். அந்தக் காண்டிராக்டுக்கு மேலே இன்னொரு காண்டிராக்டு, அதற்கு மேலே பட்டாளம். கலெக்டர் ஆபீசில் டெல்லிக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள். ஒவ்வொருவரும் அவளை அடுத்தவர் வாசலுக்குக் காட்டினார்கள். கடைசி வாசல் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தது.

இது ஒருபக்கம் நடக்க, பேட்டை டீக்கடையில் தினமும் உலக விவகாரம் நடந்துகொண்டிருந்தது. மண் கலக்கும் கோபாலுக்கு அமெரிக்காவைத் திட்டாமல் டீ இறங்காது.

"பொய் சொல்லித்தானே உள்ள பூந்தான்? ஆயுதம் இருக்குது, ஆயுதம் இருக்குதுன்னான். தோண்டிப் பாத்தா ஒரு எலி வளகூட இல்ல."

மேனேஜர் நிதானமானவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார். "ஒரேயடியா அப்டி சொல்லாதய்யா. அந்தாளு சும்மாவா இருந்தான்? சொந்த சனத்தயே கொன்னான். மத்த நாட்டுக்காரன்லாம் வேண்டாம் வேண்டாம்னு வாயாலதானே தடுத்தான்? நாமளுந்தான் என்னா செஞ்சிட்டோம்? பாக்கப்போனா எல்லார் மேலயும் தப்பு இருக்குது."

"சார், ஒங்க டீயில சக்கர கம்மின்னாக்கூட மாட்டு மேலயும் கொஞ்சம் தப்பு இருக்குதும்பீங்க."

கடையே சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீ வாங்க வந்த தனம் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குச் சூளைகள் குளிர்ந்திருக்கும். பர்னருக்குக்கூடச் சந்தனம், குங்குமம் வைப்போம். அந்த வருஷம் மேனேஜருக்கு ஒரு யோசனை உதித்தது. பொரி கடலை கொடுத்து அனுப்புவதற்குப் பதிலாக ஒரு பட்டிமன்றம். தலைப்பு: 'இராக் போருக்குப் பெரிதும் காரணம் அடித்த வல்லரசா, அடிபட்ட அரசா?' வெளியூரிலிருந்து தொழில்முறை நடுவர். பேச்சாளர்கள் யூனிட்டிலிருந்தே. வல்லரசை ஆதரித்துப் பேச யாரும் வராததால் சீட்டுக் குலுக்கினார்கள். கோபாலுக்கு அமெரிக்கா விழுந்தது.

"இது சாமி குத்தம்யா," என்று தலையில் அடித்துக்கொண்டான். "நான் மாட்டன் சார்."

"பட்டிமன்றம்னா அப்டித்தான்யா. பேச்சுக்குப் பேசுறது," என்றார் மேனேஜர்.

எனக்கு எதிரணி விழுந்தது. குவைத்தில் கேட்டதும் பார்த்ததும் என்னிடம் இருந்தது. அது போதாது என்று தோன்றியது. அந்த வாரம் வேப்பூர் போனேன். இராக்கிலிருந்து தப்பி வந்த ஒரு டிரைவர் அங்கே ரோட்டோர ஓட்டல் ஒன்றில் புரோட்டா மாவு பிசைந்துகொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று இருந்தான். முருகேசன் பெயரைச் சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"முன்னாடி ஒரு துப்பாக்கி வண்டி, பின்னாடி ஒரு துப்பாக்கி வண்டிண்ணே. நடுவுல நாங்க. கூடவே வருவோம், பயப்படாதீங்கன்னு சொல்லித்தான் ஏத்துனாங்க. சுட ஆரம்பிச்சதும் முன்னாடி போனது பறந்துடுச்சி. பின்னாடி வந்ததும் எங்கள தாண்டிப் பூடுச்சி. லோடு லாரி அந்த ஓட்டம் ஓடுமா? முருகேசன் வண்டி நின்னுச்சிண்ணே. அதப் பாத்தன். அதுக்கு மேல திரும்பிப் பாக்கல."

இதை முதலில் தனத்திடம்தான் சொன்னேன். அவள் அழவில்லை. தோய்த்து வைத்த ஃபியூஸைத் தட்டில் அடுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு, "மேடையில சொல்லுங்கண்ணே. நாலு பேரு கேக்கட்டும். யாராச்சும் எங்கயாச்சும் எழுதுவாங்க," என்றாள்.

பூஜை முடிந்து மத்தியானம் காய வைக்கும் கொட்டகையில் மேடை போட்டார்கள். கோபால் நன்றாகப் பேசினான் என்பதுதான் கொடுமை. புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் போன பஞ்சாயத்துத் தலைவர்தான் அமெரிக்கா, பாத்திரம் உடைந்ததற்கு அவர் என்ன செய்வார் என்று ஒரு கதை கட்டினான். நடுவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோபால் கீழே இறங்கும்போது தனத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் எழுந்தேன். எனக்கு மேடைத் தமிழ் வராது. தெரிந்ததைச் சொன்னேன். "அந்தாளு கெட்டவன். நான் பாத்தவன், எனக்குத் தெரியும். ஆனா அவன் கெட்டவனா இருந்தப்பவே பெரிய நாடுங்க அவன்கூட வியாபாரம் பண்ணுச்சி, ஆயுதம் குடுத்துச்சி. அப்ப அவன் கெட்டவன்னு தெரியலயா? எப்ப அடிக்கணும், அடிக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற பலம் யாருகிட்ட இருந்துச்சி? உலகமே கூடி ஒக்காந்த சபையில காத்திருங்கன்னாங்க. காத்திருந்தா என்னா கெட்டுப்போயிருக்கும்? பலம் இல்லாதவனும் தப்பு பண்ணுவான். அவன் தப்பு ஒரு தெருவோட நிக்கும். இவங்க தப்பு நல்லூர் வரைக்கும் வருது." கைதட்டல் வந்தது. அதற்கப்புறம்தான் வேப்பூர் டிரைவர் சொன்னதை ஆரம்பித்தேன். "முன்னாடி ஒரு வண்டி, பின்னாடி ஒரு வண்டி..."

மணி அடித்தது. பட்டிமன்றத்தில் நேரம் முடிந்தால் நடுவர் அடிக்கும் மணி.

"ஒரு நிமிஷங்க ஐயா."

"குவைத்து சூடா இருக்குது. கொஞ்சம் ஆறட்டும்," என்றார் நடுவர். கூட்டம் சிரித்தது. இரண்டாவது மணியும் அடித்தார்.

தீர்ப்பு உங்களுக்கே தெரியும். அடித்தவர் மேலும் தப்பு, அடிபட்டவர் மேலும் தப்பு, வேடிக்கை பார்த்த உலகத்தின் மேலும் தப்பு, சொல்லப்போனால் பேராசை பிடித்த மனித மனத்தின் மேல்தான் எல்லாத் தப்பும். ஆள்காட்டி விரலை நீட்டினால் மிச்ச விரல்கள் நம்மைப் பார்க்கின்றன என்று விரலை விரித்துக் காட்டினார். பெரிய கைதட்டல். எல்லோரும் குற்றவாளி என்றால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் இல்லையா?

அதற்கப்புறம் மேனேஜர் மைக்கை வாங்கினார். போரினால் பாதிக்கப்பட்ட நம் யூனிட் சகோதரிக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறோம் என்றார். கெட்ட எண்ணம் இல்லை. மேடை என்றால் பொன்னாடை, வேறெதுவும் அவருக்குத் தெரியாது. புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாதவளைக் கூப்பிட்டு, மேனேஜர் வீட்டம்மா சரிகைத் துண்டைத் தோளில் போட்டார். போட்டோ எடுத்தார்கள். தனம் பிறகு மைக்கைக் கேட்டாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும்மா, தாராளமா கேளு," என்றார் நடுவர்.

"எல்லார் மேலயும் தப்புன்னு சொன்னீங்க. சரிங்க. அப்ப எங்க வூட்டுக்காரரு எங்கன்னு நான் யாருகிட்டங்க போயி கேக்கறது?"

நடுவருக்குத் தொழில் கைகொடுத்தது. "காலம் பதில் சொல்லும்மா," என்றார். நாலைந்து பேர் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

"காலத்துக்கு போன் நம்பர் இருக்குதுங்களா?"

தட்டிய கைகள் நின்றன. அவள் மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கி நல்லூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து அந்தப் பொன்னாடை கிளேஸ் வாளி துடைக்கும் துணி ஆனது.

பூஜைக்கு அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் அடுக்கிய சரக்கு காயவே இல்லை. கோபால் மண்ணில் ஈரம் இருக்கிறது என்றான். கிளேஸ் தோய்த்தால் இன்னும் ஈரம் ஏறும், பொறுத்துத் தோய்க்கலாமா என்று தனம் கேட்டாள். தோய் என்றார் மேனேஜர். தீபாவளிக்கு முன் லோடு சென்னைக்குப் போக வேண்டும், முதலாளி போனில் கத்துகிறார். சரக்கைச் சூளையில் ஏற்றினோம். ஈரம் போகும்வரை சின்ன நெருப்பில் விடப் போகிறேன் என்று சொல்லி அப்படியே வைத்தேன்.

காலையில் மேனேஜர் வந்து சூடு காட்டும் மானியைப் பார்த்தார். "என்னய்யா குவைத்து, விளக்கு ஏத்தி வச்சிருக்கியா? கூட்டு."

"ஈரம் போவல சார். இப்ப கூட்டுனா வெடிக்கும்."

"நான் சொல்றன், கூட்டு."

"மாட்டன் சார்."

அவரே போய் பர்னர் வால்வைத் திருப்பினார். நான் போய்க் குறைத்தேன். மறுபடி திருப்பினார். "நீ வூட்டுக்குப் போய்யா. நான் பாத்துக்கறன்," என்று வால்வை மறைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளே சோளம் பொரிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. அவர் அசையவில்லை. கூட்டியதைக் குறைத்தால் தன் பேச்சு பொய்யாகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். பலம் இருக்கிறவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு.

சூளை ஆறியதும் திறந்தோம். எல்லோரும் கூடியிருந்தார்கள். முதல் வரிசைச் செங்கலை எடுத்ததுமே சில்லுகள் காலடியில் கொட்டின. உள்ளே முழுசாக ஒன்றுமில்லை.

மேனேஜர் பத்தடி தள்ளி, குடை பிடித்து நின்றிருந்தார். "மண்ணுல ஈரம். கிளேஸ்ல தண்ணி ஜாஸ்தி. மழ வேற. ஒருத்தர மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. எல்லார் மேலயும் தப்பு இருக்குது," என்றார். பிறகு குரலைத் தணித்து, "தனத்துக்கும் மனசு ஒரு நெலையில இல்ல. பாவம், கைவேல சுத்தமா வரல. கொஞ்ச நாளைக்கு வூட்டுல இருக்கட்டும்."

புரிகிறதா? எல்லார் மேலும் தப்பு என்று ஆரம்பித்தது, யாருக்குப் பலம் கம்மியோ அவள் தலையில் போய் இறங்கிவிட்டது. அது எப்போதும் அங்கேதான் இறங்கும்.

தனம் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேலை போனால் பஸ் காசு இல்லை. பஸ் வராவிட்டால் வெள்ளிக்கிழமை அந்தப் பூத்து இல்லை. முருகேசன் கையில் இருந்த ஒரே நம்பர் அதுதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கப்படி நான்தான் முதலில் பேச வேண்டும். "நான் போட்ட நெருப்பு" என்று சொல்லியிருந்தால் பேச்சு என்னோடு முடிந்திருக்கும். அவள் தப்பித்திருக்கலாம். நான் வேறு ஊர் பார்த்துப் போயிருப்பேன், எனக்கு அது பழக்கம். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அது நான் போட்ட நெருப்பு இல்லை. நான் அதைச் சொன்னால் அந்த வழக்கமே மேனேஜர் ஒளிந்துகொள்ள ஒரு மறைவாகிவிடும். கீழே இருக்கிறவன் பெருந்தன்மையாகப் பழியை ஏற்றுக்கொள்ளும்போதெல்லாம் மேலே ஒருவன் தப்பிக்கிறான்.

"சார், இங்க வாங்க," என்றேன். "சூள வாய்க்கு முன்னாடி வந்து நில்லுங்க."

"என்னய்யா பேசற?"

"மண்ணுல ஈரம் இருந்துச்சி. நெசம். கிளேஸ்ல தண்ணி இருந்துச்சி. அதுவும் நெசம். தண்ணி தானா வெடிக்காது சார். கூட்டுன கை யாருதோ அவருதான் இங்க மொதல்ல பேசணும். அதுக்கப்புறம் எங்க தப்ப நாங்க சொல்றோம்."

"வேலைய விட்டு அனுப்பிடுவன்."

"அனுப்புங்க. மொதல்ல இங்க வந்து நில்லுங்க."

கோபால் கையிலிருந்த செங்கலைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் வந்து நின்றான். "நான் ஈரம்னு சொன்னன் சார். சொல்லியும் கலவய அனுப்புனன். அது என் தப்பு. ஒங்களுத சொல்லுங்க," என்றான். மேடையில் அமெரிக்காவுக்குப் பேசிய அதே வாய். வார்ப்புக்காரர்கள் நகர்ந்து வழி விட்டார்கள். யாரும் கத்தவில்லை. வழி மட்டும் விட்டார்கள்.

மேனேஜர் குடையை மடக்கினார். மெதுவாக வந்து நின்றார். உள்ளேயிருந்து வந்த சூட்டில் கண்ணைச் சுருக்கினார். சில்லுகளைப் பார்த்தார்.

"நான்தான் கூட்டுனன்," என்றார்.

"காதுல கேக்கலீங்க சார்," என்றாள் தனம்.

"நான்தான் கூட்டுனன்மா. குவைத்து வேண்டாம்னான்."

அவள் குனிந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கிக்கொண்டே அழுதாள். ஆடியிலிருந்து அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. "இவ்ளோதாங்க," என்றாள், யாரிடம் என்று தெரியாமல். "இவ்ளோதாங்க நான் எல்லாரையும் கேட்டன்."

அவள் வேலை போகவில்லை. பொங்கலுக்கு முன் என் வேலை போனது. பக்கத்து யூனிட்டில் சேர்ந்துகொண்டேன். இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குடையை மடக்க வைக்க எங்களால் முடிந்தது. கடலுக்கு அந்தப்பக்கம் நெருப்பைக் கூட்டியவர்கள் புத்தகம் எழுதினார்கள், ஓய்வு பெற்றார்கள், இப்போது சமாதானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். முருகேசன் எங்கே என்று இன்றுவரை அவளுக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

நீங்கள் கிளேஸ் பகுதியில் 'தனம் அக்கா' என்று கூப்பிடுகிறீர்களே, அவள்தான். ஒவ்வொரு முறை சூளை திறக்கும்போதும் கைவேலையை விட்டுவிட்டு வந்து ஓரமாக நிற்பாள். எதுவும் கேட்கமாட்டாள். சரக்கையும் பார்க்கமாட்டாள். முன்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பாள்.

வந்து நில்லுங்கள்.